கும்மிப் பாட்டு எப்போது முடிந்தது

அம்மாவிடம் "பாட்டு முடிஞ்சிருச்சும்மா" என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நம்பித்தான் சொன்னேன். அவளும் ஒவ்வொரு தடவையும் அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்பாள். கேட்டுவிட்டு, "நல்லாருக்குய்யா. நேத்தும் இப்படித்தான இருந்துச்சு?" என்பாள்.

நேற்று இப்படி இல்லை. நேற்று உறுமி இடது காதில் இருந்தது, இன்று நடுவுக்கு வந்திருந்தது. நேற்று இரண்டாவது அடியில் அத்தையின் குரல் அம்மாவின் குரலை மிதித்துக்கொண்டு வந்தது, இன்று ஒதுங்கி வழிவிட்டது. இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? "கொஞ்சம் சரி பண்ணிருக்கேம்மா" என்பேன். "அப்ப நேத்து தப்பா இருந்துச்சா?" என்பாள். தப்பாகவும் இல்லை. தப்பில்லாததை எதற்குச் சரி பண்ணினேன்? அந்த இடத்திலேயே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிடும்.

ராஜபாளையத்தை ஒட்டிய எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. சேலை வேட்டி நெய்கிற தறி இல்லை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி. அப்பா தறி ஓட்டுகிறார். தறி எங்களுடையது இல்லை, ஆனால் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. அம்மா அங்கேயே துணி மடித்துக் கட்டுகிறாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் சொந்தத்தில் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் போனவர்கள் உண்டு. கல்லூரி வாசலை மிதித்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிய அன்று அம்மா அதன் முன்னால் நின்று, "இதுல உம்பேரு எங்கய்யா இருக்கு?" என்று கேட்டாள். காட்டினேன். கண்ணாடிமேல் விரலை வைத்துப் பார்த்தாள். இப்போதும் தூசி துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் துடைப்பாள்.

அவ்வளவுதான். நான் படித்த படிப்பில் அவளுக்கு எட்டியது அந்த ஒரு விரல் அகலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் மனு டைப் செய்கிறேன். அதையும் அவள் படிக்க முடியாது. "எம்மகன் கம்ப்யூட்டர்ல வேல பாக்கான்" என்று சொல்வாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஒரு பாட்டென்றால் அப்படியில்லை. யாரும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நல்லதா கெட்டதா என்று அவளே சொல்லிவிடலாம். அதனால்தான் இந்தப் பாட்டு எனக்கு அவ்வளவு பெரிசாகிப்போனது. தெருவில் எல்லோரிடமும் அவள் சொல்லியும் விட்டாள்: இந்த வருசம் கும்மிக்கு எம்மகன் போட்ட பாட்டுதான்.

ஆரம்பித்து வைத்தது அத்தை. அப்பாவின் அக்கா, இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். எங்கள் தெரு அம்மன் கோயில் பொங்கலுக்கு அவள் வீட்டில்தான் முளைப்பாரி வளர்ப்பார்கள். பானைகளில் தானியத்தை விதைத்து, கதவைச் சாத்தி, இருட்டு அறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். ஆம்பளைகள் உள்ளே போகக்கூடாது. அது வளர்கிற நாட்களில் சாயங்காலம்தோறும் அந்த வீட்டு வாசலில் பெண்கள் கும்மி அடிப்பார்கள். கடைசி நாள் முளைப்பாரியை வெளியே எடுத்து, கோயில் முன்னால் நடுவில் வைத்து, சுற்றி நின்று பெரிய கும்மி. போன வருடம் அந்தப் பெரிய கும்மிக்கு மைக்செட்காரர் ஏதோ ஒரு பாட்டைப் போட, அது பாதியில் வேகம் எடுத்துவிட்டது. வட்டம் கலைந்து ஒருத்திமேல் ஒருத்தி மோதி, பார்க்க வந்த அடுத்த தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தை அதை மறக்கவில்லை.

"மருமகனே, வீட்டுக்குள்ள உக்காந்து டொக்கு டொக்குன்னு எதையோ தட்டிக்கிட்டே கெடக்கியே, அது பாட்டுதான?"

"ஆமா அத்தை."

"யாருக்கு?"

நான் தலையைச் சொறிந்தேன்.

"அப்ப எங்களுக்குப் போடு. நாங்க பாடுதோம், நீ மேளத்தச் சேத்துக்கோ. நடுவுல ஓட்டமெடுக்காத பாட்டா இருக்கணும், அம்புட்டுதான்."

என்னிடம் இருந்தது பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப், ஒரு சின்ன மைக், ஒரு ஹெட்போன். பாட்டுச் சேர்க்கிற வேலையை இணையத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. குரலைப் பதிவு செய்வதுதான் பெரிய பாடு, தறிச் சத்தம் விடாது. கடைசியில் இடம் கிடைத்தது, துணி மூட்டை அடுக்கும் அறையில். நாலு பக்கமும் பேண்டேஜ் துணி மூட்டைகளைச் சுவர்போல ஏற்றி, நடுவில் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டால், சத்தம் உள்ளே வராது. துணி எல்லாவற்றையும் குடித்துவிடும். அம்மாவையும் அத்தையையும் அந்தக் குழிக்குள் நிற்கவைத்துப் பாடச் சொன்னேன். பஞ்சுத் தூசியில் அத்தைக்குத் தும்மல் நிற்கவில்லை.

"ஏட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகாமலே நம்மளக் கட்டுப்போட்டு நிறுத்திட்டானே உம்மகன்" என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி நின்று பாடினாள்.

குரல் சுத்தமாக வந்துவிட்டது. உறுமி, தவில், கைத்தட்டு எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே அடுக்கினேன். காலையில் வேலைக்குப் போகும் முன்னும் சாயங்காலம் வந்த பின்னும் எங்கள் முன்னறையில் உட்கார்ந்துதான் வேலை. ஒருநாள் காலை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நின்றது. அம்மாவைக் கூப்பிட்டு முதல் தடவையாகச் சொன்னேன், முடிந்துவிட்டது என்று. அவள் கேட்டாள். அவள் குரல் வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். "நானாய்யா இது?" என்றாள். அன்று வேலைக்குப் போகிற பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸிலும் நன்றாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் போகிற வழியில் ஒரு பாய் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் அங்கே போய் நிற்பது வழக்கம். ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட அவருக்கும் தினம் ஏதாவது பாட்டு வேண்டும். அன்று என் பாட்டைப் போட்டார். நல்ல ஸ்பீக்கர், மத்தியான வேளை, தெருவில் நடமாட்டம் இல்லை. டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பாய் தலையை ஆட்டாமல் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். "எப்ப ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சிருச்சு பாய்."

"அப்படியா?" என்று ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கும் அதேதான் கேட்டது. எல்லாம் இருக்கிறது, நடுவில் என்னவோ இல்லை. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போய்ப் போய் வருவதுபோல என் காது அந்த ஓட்டைக்குப் போய்ப் போய் வந்தது. காலையில் வீட்டில் இல்லாத ஓட்டை மத்தியானத்துக்குள் எப்படி விழுந்தது என்று புரியவில்லை. ஸ்பீக்கரில் கோளாறா என்று கேட்டேன். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஓட்டையை அடைக்க இன்னொரு உறுமியைச் சேர்த்தேன். சேர்த்த உடனே பாட்டு நெரிசலாகிவிட்டது, சந்தைக்கடை மாதிரி. எடுத்தேன், சரியானது. மறுநாள் பாய் கடையில் திரும்பவும் ஓட்டை. திரும்பவும் சேர்த்தேன், வீட்டில் திரும்பவும் நெரிசல். இப்படியே போய்க்கொண்டிருந்தது. வீட்டில் முடிந்த பாட்டு பதினோரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் முடியாமல் நிற்கிறது.

வேலையில் எனக்கு இந்தப் பிரச்சினை வருவதில்லை. மனு எப்போது முடிந்தது என்று நான் யோசிக்கவே வேண்டாம். வக்கீல் குமாஸ்தா பின்னால் நின்று படித்துக்கொண்டே வந்து, "போதும் தம்பி, பிரிண்ட் எடுங்க" என்பார். அவர் போதும் என்றால் போதும். எனக்கு இன்னொரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினாலும் அது என் மனு இல்லை. என் பாட்டுக்குப் பின்னால் நின்று போதும் என்று சொல்ல அப்படி ஒருவர் இருந்தால் என்ன என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஒருவரல்ல, ஒரு தெருவே இருந்தது. அதுதான் சிக்கல். முளைப்பாரி விதைத்தாகிவிட்டது. சாயங்காலக் கும்மி தொடங்கிவிட்டது. நான் ஒரு சின்ன ஸ்பீக்கரை அத்தை வீட்டு வாசல்படியில் வைத்துப் பாட்டைப் போடுவேன். பெண்கள் அதற்கு அடித்துப் பழகுவார்கள். பழகியதை மறுநாள் நான் மாற்றிவிட்டு வருவேன்.

"ஏலே நில்லு, நிப்பாட்டு அத" என்றாள் அத்தை ஒருநாள். "நேத்து ரெண்டு சுத்து உறுமி அடிச்ச பொறவுதான வாயெடுத்தோம்? இன்னைக்கு ஒத்தச் சுத்தோட பாட்டு வந்துருச்சு?"

"முன்னாடி ரொம்ப நீளமா இருந்துச்சு அத்தை. குறைச்சேன்."

"யாருக்கு நீளம்? சேலையச் செருகி நிமிர்ந்து நிக்க எனக்கு அந்த ரெண்டு சுத்து வேணும்லா?"

வட்டத்திலிருந்து இன்னொருத்தி சொன்னாள்: "விடுங்க மதினி. படிச்ச பிள்ள, தெனமும் ஒரு பாடம் நடத்துது."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கும்மி முடிந்து அத்தை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இருட்டறைக் கதவைக் காட்டிக் கேட்டேன்.

"உள்ள இருக்கே அத்தை, அது வளந்து முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

"நாளு வந்தா தூக்கிட்டு வெளிய வந்துர வேண்டியதுதான். வளந்தது அம்புட்டு."

"அது தானா வளருது. பாட்டு நான் தொட்டாத்தான வளரும்?"

"அப்பத் தொடாத."

எனக்கு அது பதிலாகப் படவில்லை. தொடாமல் இருந்தால் ஓட்டை அப்படியே இருக்குமே. ஆனால் ஓட்டை இருப்பது எனக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரிந்தது. இங்கே கும்மி அடிக்கிற ஒருத்தி காதிலும் அது விழவில்லை. அப்படியானால் அது இருக்கிறதா இல்லையா? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா என்னைப் பார்த்து, "என்னலே, கோர்ட்டுல யாரும் ஏசிட்டாவளா?" என்றார். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். தறிப்பட்டறையில் வேலை பார்த்த பலருக்கும் அப்படித்தான். பாட்டைப் பற்றி அவரிடம் கத்திச் சொல்ல முடியாது.

அதற்கப்புறம் எனக்குச் சளி பிடித்தது. காது அடைத்துக்கொண்டது. ஒருநாள் வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் பகுதிக்கு மாதாந்திரக் கரண்ட் கட் என்பது, காலை ஒன்பது மணிக்குத் தெருத் தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. கரண்ட் கட் நாட்களில் நான் எப்போதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஏதாவது ஒரு வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். பகல் வெளிச்சத்தில் எங்கள் தெரு முழுதாக நின்று நான் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. தறி நின்ற பிறகும் எல்லோரும் பழக்கதோஷத்தில் கத்தித்தான் பேசினார்கள். "உப்பு இருக்கா" என்று எதிர்வீட்டில் கேட்டது தெருவுக்கே கேட்டது.

படுத்துக்கொண்டே போனில் பாட்டைப் போட்டேன். பாய் கடையில் கேட்ட அதே ஓட்டை, எங்கள் வீட்டிலேயே, என் கட்டிலிலேயே. முதலில் காதடைப்பு என்று நினைத்தேன். மூக்கைச் சிந்திவிட்டு, ஆவி பிடித்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். ஓட்டை போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் கரண்ட் வந்தது. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தறி சடக் சடக்கென்று ஓட ஆரம்பித்தது. பாட்டு போனில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தறி ஓட ஆரம்பித்த மாத்திரத்தில், யாரோ வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டதுபோல, ஓட்டை மூடிக்கொண்டது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் தறிச் சத்தத்துக்கு மேலேயே பாட்டை அடுக்கியிருக்கிறேன். பாட்டின் வேகம்கூட அந்தத் தறியின் வேகம்தான், நான் தெரிந்து வைத்ததில்லை. உறுமிக்கும் கைத்தட்டுக்கும் நடுவில் தறிக்கென்று ஓர் இடம் காலியாக விட்டு, அது வந்து அடைத்துக்கொள்ளும் என்று என் காது நினைத்திருக்கிறது. குரலைத் துணி மூட்டைக்குள் கொண்டுபோய்த் தறி படாமல் பத்திரமாகப் பதிவு செய்தேன். மிச்சம் எல்லாவற்றையும் தறியோடு சேர்த்துச் செய்திருக்கிறேன். பஸ்ஸில் நன்றாகக் கேட்டதற்கும் பஸ்ஸின் இரைச்சல்தான் காரணமாக இருக்கும். சொன்னால் யாராவது நம்புவார்களா?

காரணம் தெரிந்தால் குழப்பம் தீரவேண்டும். எனக்குக் கூடியது. பொங்கலுக்கு மூன்று நாள் எங்கள் தெருவில் தறி ஓடாது. பெரிய கும்மி நடப்பது அந்த நாளில்தான். வீட்டில் முடிந்த பாட்டு அன்றைக்கு முடியாத பாட்டாகத்தான் கேட்கும், அதுவும் கோயில் முன்னால், அடுத்த தெருக்காரர்கள் நிற்கும்போது, அம்மாவின் குரலோடு.

வழி ஒன்றுதான் தோன்றியது. மறுநாள் காலை அப்பா தறி ஓட்டும்போது பக்கத்தில் போனை வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டேன். அப்பா என்னைப் பார்த்து, "அத எதுக்குலே போட்டோ எடுக்க? ஓடிக்கிட்டுதான இருக்கு" என்று கத்தினார். அந்தச் சத்தத்தைப் பாட்டுக்கு அடியில், இருப்பதே தெரியாத மாதிரி மெலிசாக வைத்தேன். பாய் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். பாய் கேட்டார். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, விரலால் மேசையில் தட்ட ஆரம்பித்தார்.

"இப்ப ஆரம்பிச்சிருச்சு தம்பி" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முழுசாக முடித்த மாதிரி இருந்தது. மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றுதான் தெருவில் தறிகளை நிறுத்துகிற நாள். பொங்கலுக்காக ஒவ்வொரு வீடாக நின்று, நான் ஸ்பீக்கரோடு அத்தை வீட்டுக்குப் போகும்போது கடைசித் தறியும் நின்றிருந்தது. பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். பாட்டைப் போட்டேன். இரண்டு சுற்று உறுமி, அத்தை கேட்டபடியே. வாய் எடுத்துப் பாடினார்கள். பாதி வட்டம் போயிருக்கும், அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு வீட்டுல இன்னும் தறி ஓடுது?"

எல்லோரும் நின்றார்கள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பாட்டுக்குள்ள ஓடுதும்மா" என்றேன். "நான்தான் வச்சேன்."

அத்தை இடுப்பில் கை வைத்தாள். "வருசம் பூராவும் இந்தச் சத்தத்துலதான கெடந்து சாகுதோம். ஆத்தா வெளிய வார அன்னைக்கும் தறியா?"

"அப்பக் கும்மிக்கும் முதலாளிகிட்டக் கூலி கேட்டுர வேண்டியதுதான்" என்றாள் ஒருத்தி.

நான் விளக்கிச் சொல்லப் பார்த்தேன். தறி இல்லாவிட்டால் பாட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டவர்கூட இப்போதுதான் சரி என்றார் என்று. சொல்லச் சொல்ல எனக்கே அது கோர்ட்டில் வாய்தா கேட்பதுபோல இருந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள். எங்கள் தெருவில் மெதுவாகப் பேசுவதே அபூர்வம்.

"இந்த மூணு நாளுதான்யா காதுக்கு லீவு. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஓடயில எனக்கு மடிக்க வேண்டிய துணி ஞாவகம் வருது."

அத்தை முடிவாகச் சொல்லிவிட்டாள். "நாளைக்குச் சாயங்காலம் முளைப்பாரி வெளிய வருது. அதுக்குள்ள ஒரு பாட்டச் சொல்லு மருமகனே. இல்லைன்னா மைக்செட்காரன் போடுறதப் போடட்டும், மோதிக்கிட்டுச் சாகுதோம்."

மறுநாள் முழுக்கப் பொங்கல் வேலை. வீட்டில் ஆளில்லை. தெருவில் தறி இல்லை. சேவல் சத்தமும் பாத்திரச் சத்தமும் மட்டும். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தறிச் சத்தத்தை எடுத்தேன். ஓட்டை வந்தது. இரண்டாவது உறுமியை வைத்தேன். தறி நின்ற தெருவில் அது நெரிசலாகக் கேட்க வேண்டியதில்லை, ஆனாலும் கேட்டது. ஒருவேளை என் காதுக்குள் இன்னும் தறி ஓடுகிறதோ என்னவோ. எடுத்தேன். கைத்தட்டைக் கூட்டினேன். குறைத்தேன். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாத நிலைக்கு வந்துவிட்டேன். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதன் அர்த்தம் போய்விடுமே, அப்படி. கடைசியில் தறி இருந்ததை மட்டும் விட்டுவிட்டு, பெண்கள் முதலில் பழகியது, நடுவில் சேர்த்தது, காலியாக விட்டது என்று எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அங்கே போய் முடிவு செய்யலாம் என்று.

மைக்செட்காரர் மம்சாபுரத்துக்காரர். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டு, மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பென்டிரைவைச் செருகினார். "இதுல நாலஞ்சு கெடக்கே தம்பி. எது?"

"செத்த நேரம் இருங்கண்ணே. சொல்லுதேன்."

முளைப்பாரிகள் வந்துவிட்டன. இருட்டில் வளர்ந்ததால் வெளிர்மஞ்சளாக, கோயில் விளக்கு வெளிச்சத்தில் ஆடிக்கொண்டு நின்றன. சில பானைகளில் உயரமாக, சிலவற்றில் கட்டையாக. அத்தை அவற்றை நடுவில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வட்டம் கட்டியாயிற்று. அம்மா பச்சைச் சேலையில் எனக்கு நேர் எதிரே நின்றாள். அடுத்த தெருப் பெண்கள் வந்து வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலியாக விட்டதா? முதலில் பழகியதா?

"ஏலே, போடச் சொல்லு" என்று அத்தை சத்தம் போட்டாள்.

"அண்ணே..." என்று நான் திரும்புவதற்குள் மைக்செட்காரர் ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டார்.

உறுமி வந்தது. குழாய் ஸ்பீக்கரில் அது உறுமி மாதிரியே இல்லை, தகரத்தில் மழை விழுவதுபோல இருந்தது. நான் இடப்பக்கமா நடுவா என்று மாதக்கணக்கில் இழைத்ததெல்லாம் அந்தக் குழாய்க்குள் ஒன்றாகிவிட்டது. இரண்டு சுற்று. அத்தை சேலையைச் செருகினாள். அம்மாவின் குரல் மரத்திலிருந்து வந்தது, அம்மா கீழே நின்று அதோடு சேர்ந்து பாடினாள். குலவை போட்டார்கள். நாற்பது ஐம்பது கைகள் ஒன்றாகத் தட்டின. நான் ஓடுவது எது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். காலியாக விட்டதுதான் என்று ஒரு கணம் தோன்றும். இல்லை, இரண்டாவது உறுமி இருக்கிறது என்று மறுகணம் தோன்றும். நான் செய்த பாட்டில் எது ஓடுகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஓட்டையைத் தேடினேன். அந்த இடத்தில் கைகள் விழுந்துகொண்டிருந்தன, ஆனால் சரியாக அதில் இல்லை, கொஞ்சம் பிந்தி. அது பொருத்தமா பொருத்தமில்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு முடிந்துவிட்டது.

குழாய் நின்றது. பெண்கள் நிற்கவில்லை. முதல் அடியைத் திரும்ப எடுத்துப் பாடிக்கொண்டே சுற்றினார்கள். மைக்செட்காரர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார், திரும்பப் போடவா என்று. வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று தெரியாது. குழாய் இல்லாமலே அவர்கள் வெகுநேரம் சுற்றினார்கள். யாரும் மோதவில்லை. அடுத்த தெருவிலிருந்து இரண்டு மூன்று பேர் வட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

முடிந்து வந்தபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முகம் மினுங்கியது. அடுத்த தெருப் பெண் ஒருத்தி அவளிடம், "யாரு போட்ட பாட்டுக்கா?" என்று கேட்டாள். அம்மா என் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"பாட்டு பாதியிலயே முடிஞ்சிருச்சேம்மா" என்றேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள். "எப்ப?"

பொங்கல் கழிந்து தறிகள் ஓட ஆரம்பித்த அன்று, அம்மா தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். அன்றைக்கு ஓடிய பாட்டை அதில் ஏற்றித் தரவேண்டுமாம், துணி மடிக்கும்போது கேட்க. மைக்செட்காரருக்குப் போன் போட்டு எதை அமுக்கினார் என்று கேட்டேன். "கைக்கு வந்தத அமுக்குனேன் தம்பி, யாரு பாத்தா" என்றார். அதனால் ஒவ்வொன்றாக அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"இதாம்மா?"

"இது இல்லய்யா."

"இது?"

"இதுவும் இல்ல."

எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். "இதுல ஒண்ணுதாம்மா ஓடுச்சு. வேற இல்ல."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். என்னை நம்புவதா, தன் காதை நம்புவதா என்று அவளுக்கும் தெரியவில்லை. "சரி, ஏதாவது ஒண்ணப் போட்டு வையி" என்றாள். "கேக்கக் கேக்க அதுவாகிரும்."

நான் எதைப் போட்டு வைப்பது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.